தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு எந்த பீர்? வட கலிஃபோர்னிய ஆலைகள், ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் நவம்பரில் கொண்டாடும் நன்றி சொல்லும் நாளான தேங்க்ஸ்கிவிங் அன்று, தட்டில் எல்லாச் சுவையும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ஓவனில் ரோஸ்ட் செய்த வான்கோழி, அதன் மேல் உப்பும் கொழுப்புமாகக் கிரேவி, வெண்ணெய் சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டும் செலரியும் சேஜ் இலையும் கலந்த ஸ்டஃபிங், புளிப்பும் இனிப்புமாகக் கிரான்பெரி சாஸ், மார்ஷ்மெல்லோ போட்டுச் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கடைசியில் பூசணிக்காய் பை (pie) என்ற இனிப்பு. தமிழ் வீடு என்றால் ஓரத்தில் மட்டன் பிரியாணியோ காரம் தூக்கலாக ஒரு சிக்கன் வறுவலோ பெரும்பாலும் இருக்கும். இத்தனைக்கும் சேர்த்து எந்த பீரை வைப்பது?

வழக்கமாக நடப்பது, பேர் பெற்ற ஐபிஏ (கசப்பு தூக்கலான பீர் வகை) ஒன்றை வாங்கி வருவதுதான். விருந்துக்கு வருகிறவர்களும் கையில் அதையே கொண்டு வருவார்கள். சாப்பாடு பரிமாறியதும் பார்த்தால் பாதிப் பேர் தண்ணீருக்கும் கோக்குக்கும் போயிருப்பார்கள். அந்த பீரில் குறை எதுவும் இல்லை. அந்தத் தட்டோடு அது சேரவில்லை, அவ்வளவுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சாப்பாட்டுக்கு பீர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. கசப்பு எவ்வளவு, ஆல்கஹால் எவ்வளவு. ஆலையின் புகழ், இணையத்தில் வாங்கிய மதிப்பெண், கிடைப்பதற்கு அரிதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

வட கலிஃபோர்னியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றிய பே ஏரியாவில் ஃப்ரீமாண்ட், சன்னிவேல், சான் ரமோன் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இந்த பீர்கள் பெரும்பாலும் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நாலு மணி நேரக் கார் பயணத்துக்குள் அமெரிக்காவின் கிராஃப்ட் பீர், அதாவது சிறு ஆலை பீர், வரலாற்றின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. ஆங்கர் ஆலை மூடும் நிலையில் இருந்தபோது 1965 இல் அதில் பணம் போட்டுக் காப்பாற்றினார் ஃப்ரிட்ஸ் மேடாக். 1976 இல் சோனோமாவில் ஜாக் மெக்காலிஃப் தன் கையால் கருவிகளை ஒட்டவைத்து நியூ ஆல்பியன் ஆலையைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளே நடந்தது. ஆனால் அதைப் பார்த்துத் துணிந்தவர்கள் பலர், சியரா நெவாடா ஆலையின் கென் கிராஸ்மன் உட்பட.

பத்துப் பதினைந்து வருடம் முன்னால் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பலர் யோசிக்காமல் சொல்லியிருக்கக்கூடிய பதில் ஆங்கர் கிறிஸ்மஸ் ஏல் என்ற பீர். 1975 முதல் ஒவ்வொரு ஆண்டும் செய்முறையை மாற்றி, லேபிளில் வேறொரு மரத்தை வரைந்து, நவம்பரில் கடைக்கு அனுப்புவார்கள். ஒன்றரை லிட்டர் பெரிய பாட்டிலும் உண்டு. அதை மேஜை நடுவில் வைத்து எல்லோருக்கும் ஊற்றுவது பல வீடுகளில் ஒரு சடங்காகவே இருந்தது. 2017 இல் ஜப்பானின் சப்போரோ நிறுவனம் ஆங்கரை வாங்கியது. 2023 இல் ஆலை மூடப்பட்டது. 2024 இல் சோபானி தயிர் நிறுவனத்தின் ஹம்தி உலுகாயா அதை வாங்கினார். பழையபடி அந்த பாட்டில் நவம்பரில் அலமாரிக்கு வந்தால் முதலில் போய் நிற்பவன் நானாகத்தான் இருப்பேன். அதுவரை அந்த இடத்துக்கு வேறொன்றைத் தேட வேண்டும்.

கசப்பைப் பற்றிக் கொஞ்சம்

தட்டில் காரம் இருந்தால் கசப்பு அதைக் கிளப்பிவிடும். பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூக்களை அதிகம் போட்ட ஐபிஏவை ஒரு வாய் குடித்துவிட்டு வறுவலைச் சாப்பிட்டுப் பாருங்கள், மிளகாய் இரண்டு மடங்கு போட்டதுபோல் எரியும். ஆல்கஹாலுக்கும் இதில் பங்கு உண்டு. மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு ஏற்பிகளை ஆல்கஹாலும் தூண்டுகிறது. எனவே கசப்பும் அதிகம், ஆல்கஹாலும் அதிகம் என்ற பீர் பிரியாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நாக்குக்கு ஓய்வே கிடைக்காது.

காரமே இல்லாத அமெரிக்கச் சமையலானாலும் வேறொரு சிக்கல் வரும். வான்கோழி நெஞ்சுக்கறி சுவை மென்மையான இறைச்சி. அதன் தோலில்தான் எல்லாச் சுவையும் இருக்கிறது. சூட்டில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகும்போது உண்டாகும் சுவை அது. 1912 இல் பிரெஞ்சு வேதியியலாளர் மயார் விளக்கிய அதே வினைதான், பார்லியை முளைகட்டிச் சூளையில் உலர்த்தி மால்ட் ஆக்கும்போதும் நடக்கிறது. அதனால்தான் பழுப்பு நிற மால்ட் பீரும் ரோஸ்ட் செய்த தோலும் வாயில் சேர்ந்து போகின்றன. ஹாப்ஸின் ஆரஞ்சு, பைன் வாசனைகள் அந்த மென்மையான இறைச்சிமேல் ஏறி நின்றுவிடும்.

பீருக்கு ஒயினைவிட ஒரு விஷயத்தில் பலம் அதிகம். அதிலிருக்கும் வாயு. வெண்ணெயும் கிரேவியும் நாக்கில் படிய வைக்கும் கொழுப்பை அது துடைத்துவிடும். அந்த வேலையை எந்த நல்ல பீரும் செய்யும் என்பதால் அதை வைத்து ஒன்றுக்கொன்று தரம் பிரிக்கத் தேவையில்லை.

முதல் இடத்துக்கு வரும் இரண்டு

சியரா நெவாடா செலிப்ரேஷன் ஏல். அக்டோபர் வாக்கில் கடைக்கு வரும் சிவப்புக் கட்டு. பெட்டியில் பனி மூடிய வீட்டைப் பார்த்துப் பலர் இது கிறிஸ்மஸ் மசாலா பீர் என்று நினைக்கிறார்கள். இதில் பட்டையும் இல்லை, கிராம்பும் இல்லை. 1981 முதல் செய்துவரும் ஐபிஏ இது, ஆல்கஹால் 6.8%, கசப்பு அளவு (IBU) 65. ஆண்டின் முதல் ஹாப்ஸ் அறுவடையைக் காயவைத்த உடனே வாங்கி, அது பழையதாகும் முன் காய்ச்சிவிடுவது இதன் சிறப்பு. காஸ்கேட், சென்டெனியல், சினூக் என்ற மூன்று வகை ஹாப்ஸ். வாசனை அபாரம்: ஆரஞ்சுத் தோல், பைன் பிசின், அடியில் கேரமல் மால்ட்டின் கனம். இன்று வரும் மங்கலான, பழச்சாறு போன்ற ஐபிஏக்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாக, செம்பு நிறத்தில், கசப்பை மறைக்காமல் நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த குளிர்கால பீர் இதுதான்.

அப்படிப் பிடித்திருந்தும் இதை முக்கியச் சாப்பாட்டோடு வைக்க மாட்டேன். மேலே சொன்ன 65 என்ற கசப்பு அளவுதான் காரணம். கேரமல் மால்ட் இருப்பதால் ஸ்டஃபிங்கோடு ஓரளவு ஒத்துப்போகும், குறிப்பாக அதில் சாசேஜ் சேர்த்திருந்தால். கிரான்பெரி சாஸோடு மோதும். பிரியாணியோடு சேர்த்துப் பார்க்கவே வேண்டாம். இதற்கு ஏற்ற நேரம் சாப்பாட்டுக்கு முன்னால்: விருந்தாளிகள் வந்து சேரும் நேரம், சீஸும் முந்திரியும் கையில் இருக்கும் நேரம். பழைய செடார் சீஸின் கொழுப்பும் உப்பும் இந்தக் கசப்பைத் தாங்கும்.

அதற்கு எதிரே நான் வைப்பது பூண்ட் ஆம்பர் ஏல். மெண்டோசினோ கவுண்டியில் பூன்வில் என்ற சின்ன ஊரில் 1987 இல் தொடங்கிய ஆண்டர்சன் வேலி ஆலையின் பீர். ஆல்கஹால் 5.8%. அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கிய பூண்ட்லிங் என்ற வட்டார மொழியிலிருந்து வந்த பேர் அது. பூண்ட் என்றால் பூன்வில்.

இதைக் குடிக்கும்போது முதலில் தெரிவது வெல்லப்பாகு காய்ச்சும் வாசம்போல் ஒரு மெல்லிய கேரமல். இனிப்பு திகட்டாது, கசப்பு பின்னால் லேசாக வந்து வாயைக் காயவைத்துவிட்டுப் போகும். தனியாக வைத்துச் சுவைத்தால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றலாம். போட்டிகளில், மதிப்பெண் பட்டியல்களில் ஆம்பர் ஏல் முன்வரிசைக்கு வருவதே அரிது. தட்டோடு வைத்தால்தான் அதன் அருமை தெரியும். வான்கோழித் தோலோடு சேர்கிறது, கிரேவியோடு சேர்கிறது, சர்க்கரைவள்ளிக்கிழங்கின் இனிப்பைக் கண்டு கசந்துபோவதில்லை, காரமான வறுவலுக்கு அதன் மால்ட் ஒரு மெத்தை விரித்துக் கொடுக்கிறது. மேஜையில் உள்ள எதோடும் சண்டைக்குப் போகாத ஒரே பீர் இதுதான். ஒரே ஒரு வகை மட்டும் வாங்கப்போகிறீர்கள் என்றால் இதை வாங்குங்கள். இந்த ஒப்பீட்டில் என் முதல் தேர்வு இது.

இரண்டின் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் சிக்ஸ் பேக்காகக் கிடைக்கும். எனவே விலை இங்கே முடிவைத் தீர்மானிக்காது.

அதே ஆலையின் விண்டர் சோல்ஸ்டிஸ் என்ற குளிர்கால ஏலையும் சொல்ல வேண்டும். 6.9%. ஆம்பரைவிடக் கனம், இனிப்பும் கூடுதல், வெனிலா, டாஃபி வாசனை. ஆங்கர் கிறிஸ்மஸ் ஏல் விட்டுப்போன இடத்துக்கு மனத்தளவில் இதுதான் நெருக்கம், சுவை வேறானாலும். ஆனால் மூன்று மணி நேரம் நீளும் சாப்பாட்டில் இரண்டாவது கிளாஸே திகட்டிவிடும். பைக்குத் துணையாகக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அங்கே மறுபடி வருகிறேன்.

பிளினியை என்ன செய்வது

பே ஏரியாவில் பீர் பற்றிப் பேசினால் ரஷ்யன் ரிவர் ஆலையின் பிளினி தி எல்டர் வராமல் இருக்காது. யாராவது ஒருவர் அதை வாங்கி வந்து பெருமையோடு மேஜையில் வைப்பார். 8% டபுள் ஐபிஏ. இந்த வகை பீர் உலகமெங்கும் பரவியதற்கு அந்த ஆலையின் வின்னி சிலர்சோ முக்கியக் காரணம், பிளினி அதன் அடையாளம். லேபிளிலேயே சேமித்து வைக்காதே, புதிதாகக் குடி என்று எழுதியிருப்பார்கள். அந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய வாரமே குடித்துவிடுங்கள், தேங்க்ஸ்கிவிங் வரை வைத்திருக்க வேண்டாம். செலிப்ரேஷனுக்குச் சொன்ன காரணமெல்லாம் இதற்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

அதே ஆலையின் இன்னொரு பீர்தான் இந்த விருந்துக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. சப்ளிகேஷன். பழுப்பு ஏலை, பினோ நுவார் ஒயின் இருந்த ஓக் பீப்பாய்களில் புளிப்புச் செர்ரியோடு சேர்த்துச் சுமார் ஒரு வருடம் ஊறவைக்கிறார்கள். 7%. பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்டும், லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்களும் சேர்ந்து அதைப் புளிக்கவைக்கின்றன. இட்லி மாவு புளிப்பதற்குக் காரணமான லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் குடும்பம்தான் இவையும். எனவே புளித்த பீரா என்று முகம் சுளிக்கும் உறவினரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு ஒயின் பற்றிக் கேட்டால் பலரும் சொல்வது பினோ நுவார். கிரான்பெரியோடு ஒத்துப்போகும் பழச்சுவை, கொழுப்பை வெட்டும் புளிப்பு, மென்மையான இறைச்சியை அமுக்காத லேசு என்று அதற்குச் சொல்லும் காரணங்கள் மூன்றும் சப்ளிகேஷனுக்கும் பொருந்தும். போதாததற்கு வாயுவும் இருக்கிறது. கிரான்பெரி சாஸ் தொட்ட வான்கோழித் துண்டோடு இதைக் குடித்தால் செர்ரியும் கிரான்பெரியும் ஒன்றையொன்று தூக்கிவிடும். கிரேவி ஊற்றிய தொடைக்கறியோடு இன்னும் நன்றாக இருக்கும். ஒயின் மட்டும் குடிக்கிறவர்களை பீர் பக்கம் இழுக்க வேண்டுமானால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

குறைகள்? விலை. கார்க் வைத்த 375 மி.லி. பாட்டில் ஒன்றின் விலைக்கு ஆம்பர் ஒரு சிக்ஸ் பேக்கே வாங்கிவிடலாம். புளிப்பு எல்லோருக்கும் பிடிக்காது. மார்ஷ்மெல்லோ போட்ட கிழங்கோடு இதைக் குடித்தால் இரண்டுமே கெட்டுவிடும். பிரியாணியோடும் எனக்கு ஒப்பவில்லை. தயிர்ப் பச்சடி செய்ய வேண்டிய வேலைக்குள் இது நுழைந்து குழப்புகிறது. ஆகவே இது எல்லோர் கிளாஸிலும் நிரப்ப வேண்டிய பீர் இல்லை. ஆளுக்குக் கால் கிளாஸ், முக்கியச் சாப்பாடு தொடங்கும்போது. இரண்டு பாட்டில் போதும், எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும்.

கன்சக்ரேஷன் என்று இன்னொன்று உண்டு. காபர்னே சோவின்யோன் ஒயின் பீப்பாயில் கரண்ட் (currant) என்ற சிறு கரும்பழத்தோடு ஊறியது, 10%. அது வான்கோழிக்குக் கனம். ஆட்டுக்காலை அப்படியே முழுதாக ரோஸ்ட் செய்கிற வீடாக இருந்தால் அதை எடுங்கள்.

காரம் இருக்கும் வீட்டுக்கு

வான்கோழியையே இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், தயிர் தடவி தந்தூரி மாதிரி செய்கிற வீடுகள் நிறைய. அங்கே ஆம்பரைவிடவும் லேசாக ஒன்று வேண்டும். ஃபோர்ட் பிராக்கில் 1988 இல் தொடங்கிய நார்த் கோஸ்ட் ஆலையின் ஸ்க்ரிம்ஷா பில்ஸ்னர் என்ற லேசான லாகர் பீர் இதற்கு நன்றாகப் பொருந்தும். ஆல்கஹால் 4.5%தான், கசப்பும் அளவோடு. ரொட்டி வாசம், புல் வாசம், சுத்தமான முடிவு. பெரிய பெரிய பீர்களுக்கு நடுவில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் பெட்டியில் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமா, சித்தப்பாவுக்கும் இது பழகிய சுவை. வாழ்நாளெல்லாம் லாகர் குடித்தவர் கையில் முதலிலேயே புளிப்பு பீரையும் டபுள் ஐபிஏவையும் கொடுத்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது விருந்தோம்பல் ஆகாது.

பில்ஸ்னரா ஆம்பரா என்று தடுமாறினால் ஒரே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: தட்டில் அதிகம் இருக்கப்போவது மிளகாயா, கிரேவியா? மிளகாய் என்றால் பில்ஸ்னர். கிரேவி என்றால் ஆம்பர்.

பை வந்த பிறகு

பூசணிக்காய் பையோடு பூசணிக்காய் பீர் என்று தோன்றுவது இயல்பு. அந்தப் பீரின் நவீன வரலாறும் பே ஏரியாவில்தான் இருக்கிறது. ஹேவர்டில் 1983 இல் பஃபலோ பில்ஸ் என்ற மதுக்கூட ஆலையைத் திறந்த பில் ஓவன்ஸ், அமெரிக்கக் குடியேற்றக் காலப் பழக்கத்தைப் பற்றிப் படித்துவிட்டுப் பூசணிக்காயைப் போட்டு பீர் காய்ச்சினார். காயால் பெரிதாகச் சுவை வரவில்லை. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் சேர்த்த பிறகே எல்லோரும் எதிர்பார்க்கும் அந்த வாசனை வந்தது. இன்றுவரை பூசணி பீர் என்பது பெரும்பாலும் மசாலா பீர்தான். பையிலும் அதே மசாலா, பீரிலும் அதே மசாலா என்றால் கிராம்பு மட்டுமே நாக்கில் நிற்கும். எனக்கு அது வேண்டாம். இங்கேதான் விண்டர் சோல்ஸ்டிஸ் உதவும். அதன் டாஃபி இனிப்பு பையின் மசாலாவுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கும்.

பெக்கான் பை, சாக்லேட் கேக் என்றால் நார்த் கோஸ்டின் ஓல்ட் ராஸ்புடின். 18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து ரஷ்ய அரசவைக்குப் போன கனமான, கருநிற ஸ்டவுட் பீரின் வழியில் செய்தது. 9%, கசப்பு அளவு 75. செலிப்ரேஷனைவிட அதிகக் கசப்பாயிற்றே, முதலில் சொன்னதற்கு இது முரண் இல்லையா என்று கேட்கலாம். இங்கே எதிரில் இருப்பது சர்க்கரைப்பாகில் மூழ்கிய பருப்பு. அந்த இனிப்பைத் தாங்க இவ்வளவு கசப்பு தேவைதான். வறுத்த மால்ட்டின் காபி, டார்க் சாக்லேட் சுவையும் சேர்ந்து, பைக்குப் பிறகு காபி குடிக்கும் பழக்கத்துக்கே மாற்றாகிவிடும். பூசணி பையோடு வைத்தால் அதை விழுங்கிவிடும், அதற்கு வேண்டாம்.

ஆல்கஹால் கணக்கை இங்கே மறக்கக் கூடாது. அமெரிக்காவில் ஓர் அளவு மது என்பது 14 கிராம் தூய ஆல்கஹால். 5% பீர் ஒரு கேன், அதாவது 355 மி.லி. ராஸ்புடின் ஒரு பாட்டிலில் கிட்டத்தட்ட 25 கிராம் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு கேன் சாதாரண பீருக்குச் சமம். ஒரு பாட்டிலை மூன்று நான்கு பேர் பங்கிட்டுச் சின்னக் கிளாஸில் குடிக்க வேண்டிய சமாசாரம். தேங்க்ஸ்கிவிங் சாப்பாடு பல வீடுகளில் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கே தொடங்கி இரவு வரை இழுக்கும். அந்த வார இறுதியில் நெடுஞ்சாலைகளில் போலீஸ் ரோந்தும் அதிகம். வண்டி ஓட்டப்போகிறவர் யார் என்பதை முதல் கேனைத் திறக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

குடிக்காதவர்களுக்கும் கிளாஸ் வேண்டும்

தேங்க்ஸ்கிவிங் நாளான நவம்பர் நான்காம் வியாழன் கார்த்திகை மாதத்தில் வரும். மேஜையில் யாராவது ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார். அவருக்கு பீரும் கிடையாது, வான்கோழியும் கிடையாது. ஆல்கஹால் இல்லாத பீரை அவருக்குக் கொடுக்கலாமே என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி 0.5%க்குக் குறைவாக ஆல்கஹால் உள்ளதையும் நான்-ஆல்கஹாலிக் என்ற பேரில் விற்கலாம். விரதம் இருப்பவரிடம் அதை நீட்டுவது முறையல்ல. வாட்ஸன்வில்லில் 1868 முதல் நடந்துவரும் மார்ட்டினெல்லி நிறுவனத்தின் ஆப்பிள் ஸ்பார்க்ளிங் சைடரை வாங்கி வையுங்கள். மது கலக்காத, வாயு ஏற்றிய ஆப்பிள் சாறு. இதுவும் உள்ளூர்ச் சரக்குதான். குழந்தைகளுக்கும் அதுவே. பொன்னிறத்தில் நுரைத்து நிற்பதால் பில்ஸ்னர் ஊற்றும் அதே கிளாஸில் ஊற்றினால் யார் குடிக்கிறார், யார் குடிக்கவில்லை என்று எவரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அப்பா எதிரில் குடிக்கக் கூச்சப்படும் மகனும், மருமகன் எதிரில் குடிக்கக் கூச்சப்படும் மாமனாரும் நம் வீடுகளில் உண்டு. பீரைச் சாப்பாட்டு மேஜையில் அணிவகுத்து வைக்காமல் பக்கத்தில் தனி மேஜையில் வைத்து, வேண்டியவர் எழுந்து போய் ஊற்றிக்கொள்ளட்டும் என்று விட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

ஏன் உள்ளூர் ஆலை

சுவைக்காக மட்டும் இவ்வளவு சொல்லவில்லை. 2018 நவம்பர் 8 அன்று, சியரா நெவாடா ஆலை இருக்கும் சிகோ ஊருக்குப் பக்கத்தில் பற்றிய கேம்ப் ஃபயர் காட்டுத்தீ பாரடைஸ் என்ற ஊரையே அழித்தது. 85 பேர் இறந்தார்கள். வீடிழந்தவர்களில் சியரா நெவாடா ஆலையின் ஊழியர்களும் இருந்தார்கள். அந்த ஆலை ரெசிலியன்ஸ் என்ற ஐபிஏவின் செய்முறையை வெளியிட்டு, விற்பனைப் பணம் முழுவதையும் நிவாரணத்துக்குத் தருவோம், மற்ற ஆலைகளும் இதையே காய்ச்சுங்கள் என்று அழைத்தது. நாடு முழுவதும் 1,400க்கும் மேற்பட்ட ஆலைகள் சேர்ந்தன. ஆலைகள் பலவும் அதைக் காய்ச்சிய நாள் தேங்க்ஸ்கிவிங் முடிந்த அடுத்த செவ்வாய். போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் இப்படிக் கைகொடுக்கும் தொழில்கள் அதிகம் இல்லை. அதன் பிறகு சிகோ பீரை வாங்கும்போது நான் விலையைப் பெரிதாகப் பார்ப்பதில்லை.

எது உள்ளூர், எது பெருநிறுவனத்தின் கையில் என்பது லேபிளின் படத்தை வைத்துத் தெரியாது. பெடலூமாவின் லகுனிடாஸ் 2017 முதல் முழுக்க ஹைனக்கனுக்குச் சொந்தம். பீர் மோசம் என்று சொல்லவில்லை, அங்கே வேலை செய்கிறவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். ஆனாலும் என் விருந்துக் காசை முதலில் சுதந்திர ஆலைக்கே கொடுப்பேன். தலைகீழாகக் கவிழ்த்த பாட்டில் படம் போட்ட சின்ன முத்திரை கேனில் இருந்தால், கிராஃப்ட் ஆலை அல்லாத மதுத் தொழில் நிறுவனம் எதுவும் அந்த ஆலையில் கால் பங்கோ அதற்கு மேலோ வைத்திருக்கவில்லை என்று பொருள்.

கடையில் நிற்கும்போது

ஐபிஏ எதுவானாலும் கேனின் அடியிலோ பாட்டில் கழுத்திலோ உள்ள தேதியைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆனதை எடுக்க வேண்டாம். செலிப்ரேஷனுக்கு ஆண்டும் முக்கியம். போன குளிர்காலத்துப் பெட்டி மூலையில் கிடந்தால் தொடாதீர்கள், புது ஹாப்ஸ்தானே அதன் உயிர். ராஸ்புடினுக்கும் சப்ளிகேஷனுக்கும் இந்தக் கவலை இல்லை. போன வருடத்தது என்றாலும் நன்றாகவே இருக்கும்.

குடிக்கிறவர்கள் எட்டுப் பேர் என்று வைத்துக்கொண்டால் என் பட்டியல் இது. பூண்ட் ஆம்பர் இரண்டு சிக்ஸ் பேக், ஸ்க்ரிம்ஷா ஒன்று, சப்ளிகேஷன் இரண்டு பாட்டில், ராஸ்புடின் ஃபோர் பேக் ஒன்று, அதில் அன்று திறக்க வேண்டியது இரண்டு மட்டும். வீட்டில் பூசணி பைதான் என்றால் ராஸ்புடினுக்குப் பதிலாக விண்டர் சோல்ஸ்டிஸ். சமையல் முழுக்கக் காரம் என்றால் ஆம்பரையும் பில்ஸ்னரையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். மார்ட்டினெல்லி இரண்டு பாட்டில்.

பில்ஸ்னரைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்படியே ஊற்றலாம். ஆம்பரைப் பத்து நிமிடம் வெளியே வைத்து ஊற்றினால் மால்ட் வாசம் திறக்கும். ராஸ்புடினை எல்லோரும் இரண்டாவது முறை பரிமாறிக்கொள்ளும்போதே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். பை வெட்டும் நேரத்துக்கு 12 டிகிரி வாக்கில் வந்திருக்கும். ஐஸ் குளிரில் குடித்தால் அதில் கரிந்த கசப்பு மட்டுமே தெரியும், சாக்லேட் தெரியாது.

செலிப்ரேஷன் ஒரு சிக்ஸ் பேக் வாங்கினால், விருந்தாளிகள் வரும்போது இரண்டைத் திறந்துவிட்டு மீதியை வெள்ளிக்கிழமைக்கு எடுத்து வையுங்கள். மிச்சமான வான்கோழியைக் குளிரக் குளிரப் பிய்த்து, மயோனைஸும் கடுகும் தடவிய ரொட்டிக்குள் பழைய செடாரோடு வைத்துச் சாப்பிடும் மதியத்துக்கு இந்தப் பட்டியலில் அதை மிஞ்ச வேறெதுவும் இல்லை.